ஸ்டார்ட்டப்பில் சேரலாமா? 6 லட்சம் + ஈசாப்

9 ஜூன் 2024, மாலை 6.10 (கேள்வி)

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், இந்த வருடம் முடித்தேன். திருநெல்வேலி பக்கம். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று பெரிய சர்வீஸ் கம்பெனி, 3.6 லட்சம், சேரும் தேதி இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று சென்னையில் 22 பேர் இருக்கும் ஸ்டார்ட்டப், 6 லட்சம், கூடவே ஈசாப் (ஊழியருக்கான பங்குத் திட்டம்). அப்பா முதலாவதைச் சொல்கிறார். எனக்கு இரண்டாவதில்தான் மனசு. ஸ்டார்ட்டப்பில் வேலை பார்த்த அக்காக்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "நல்ல அனுபவம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

9 ஜூன் 2024, இரவு 11.40

வேண்டாம். அப்பா சொல்வதைக் கேளுங்கள். இரண்டே முக்கால் வருடம் இருந்துவிட்டு இந்த மார்ச்சில் வெளியே வந்தவள் சொல்கிறேன்.

10 ஜூன் 2024, காலை 7.15

ராத்திரி எழுதியது எரிச்சலில் எழுதியது. அழிக்கப் போவதில்லை, அதுவும் ஒரு பதில்தான். நேற்று மாலை பழைய கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது, அந்தச் சூடு. அந்தக் கதை பிறகு.

முதலில் ஆஃபர் லெட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் என்பது சிடிசி, அதாவது கம்பெனிக்கு நம்மால் ஆகும் மொத்தச் செலவு. அதில் வேரியபிள் (நிலைமையைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி) எவ்வளவு, பிஎஃப்பில் கம்பெனி போடும் பங்கும் அதற்குள்ளேயே அடக்கமா, கிராஜுவிட்டியையும் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கிராஜுவிட்டி 5 வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். கம்பெனி 5 வருடம் இருக்குமா என்பதே தெரியாது, அதற்குள் அந்தப் பணத்தை நம் சம்பளத்தில் எழுதிவிடுகிறார்கள். என் லெட்டரில் 7.2 லட்சம், மாதம் கைக்கு வந்தது 48,000 சொச்சம். வேரியபிள் முதல் வருடம் பாதி வந்தது. இரண்டாம் வருடம் "கம்பெனி நிலைமை" வந்தது.

ஈசாப் எண்ணிக்கையை மட்டும் போட்டிருந்தால் கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்கு என்று கேளுங்கள். 960 ஆப்ஷன் என்றால் ஒரு லட்சத்தில் 960-ஆ, ஒரு கோடியில் 960-ஆ? நான் கேட்கவில்லை. கேட்டால் பணத்தாசை பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று இருந்தது.

வேலையை விட்டபின் இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி அப்படி ஒருவர் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று இருந்தால் அதற்கு வேண்டுமானால் பயப்படுங்கள்.

10 ஜூன் 2024, இரவு 10.50

"லெட்டர் இருக்கட்டும், அங்கே இருப்பது எப்படி இருக்கும்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

சேர்ந்தது ஜூன் 2021, கோவில்பட்டியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். முதல் நாள் மீட்டிங்கை அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறார் போல. முடிந்ததும் வந்து, "முதலாளி யாரு?" என்றார். இங்கே எல்லாரும் ஓனர்தானாம்ப்பா என்றேன். "அப்ப சம்பளம் யாரு போடுவா?" என்றார். சிரித்தேன். இரண்டே முக்கால் வருடத்தில் இதைவிட நல்ல கேள்வி எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்கவில்லை.

அங்கே சார், மேடம் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஃபவுண்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட. இங்கிலீஷில் பெயர் சொல்லிவிடலாம், தமிழில் வாய் வரவே வராது. முதல் இரண்டு மாதம் அவரை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை, அவர் திரும்பும்வரை காத்திருந்து பேசினேன். அவர்களுக்குள் எல்லாம் ப்ரோ, மச்சி, தல. நான் மட்டும் "ம்மா". "டெப்ளாய் பண்ணிடும்மா", "அந்த டிக்கெட்டைப் பாத்துடும்மா". பாசமாகத்தான் சொல்வார்கள். ஆனால் மச்சி என்று கூப்பிடுகிறவனிடம் ஆர்கிடெக்சர் பற்றிக் கருத்துக் கேட்பார்கள், ம்மா என்று கூப்பிடுகிறவளிடம் முடிந்ததா என்று கேட்பார்கள். இது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் 22 செப்டம்பர் 2021. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலான நாள். அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. அன்று ராத்திரி எங்கள் ஸ்லாக்கில் (ஆபீஸ் சாட்) யாரும் வேலை பார்க்கவில்லை. ஆளாளுக்கு மனக்கோட்டை: ஒருவன் ஈசிஆரில் வீடு, ஒருவன் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மூன்று வாரத்தில், அக்டோபரில், எங்களுக்கும் ஈசாப் லெட்டர் வந்தது. எனக்கு 960. அப்பாவிடம் "நானும் ஓனர் ஆயிட்டேன்" என்றேன்.

11 ஜூன் 2024, இரவு 9.20

அந்த 960-இன் இப்போதைய நிலவரம், உங்களுக்குப் பாடமாக இல்லாவிட்டாலும் எனக்குப் புலம்பலாக.

நான்கு வருடத் திட்டம். முதல் வருடம் முடிந்தால் கால்வாசி, 240. அதற்குப் பிறகு மாதம் 20. ஒரு வருடம் ஆவதற்கு முன் போனால் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வருடம் கம்பெனிச் சட்ட விதியிலேயே உள்ளது, எந்தக் கம்பெனியும் அதற்கு முன்பே ஆப்ஷனை நம் கணக்கில் சேர்க்க (வெஸ்டிங்) முடியாது. நான் மார்ச் 22 அன்று வெளியேறியபோது கணக்கு 580. மீதி 380 காற்றோடு போயிற்று.

இந்த 580-ம் பங்கு இல்லை. பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. போன பிறகு 90 நாளுக்குள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் போச்சு. ஒன்று 10 ரூபாய், ஆக 5,800 ரூபாய். அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் இன்றைய மதிப்பு ஒரு பங்குக்கு 2,150 என்று போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 2,140. அதை 580-ஆல் பெருக்கினால் 12,41,200. இந்தத் தொகையை எனக்குச் சம்பளம் கொடுத்ததாக வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். 30 சதவீதம் போட்டால் 3,72,360 ரூபாய் வரி, வாங்கும்போதே. பங்கை விற்க முடியுமா? வாங்க ஆளில்லை, சந்தையில் இல்லாத கம்பெனி. விற்காத பங்குக்கு, வராத பணத்துக்கு, கையிலிருந்து வரி.

ஞாயிறு வந்த மெயில் இதுதான்: "உங்கள் அவகாசம் ஜூன் 20-உடன் முடிகிறது." கீழே "ஒன்ஸ் எ ஃபேமிலி, ஆல்வேஸ் எ ஃபேமிலி".

11 ஜூன் 2024, இரவு 11.05

திருத்தம். வரியின் மேல் போடும் செஸ் 4 சதவீதத்தை விட்டுவிட்டேன். சி.ஏ. படிக்கும் தம்பி பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். 31.2 சதவீதம், 3,87,254 ரூபாய். புலம்பலையாவது சரியாகப் புலம்ப வேண்டும்.

12 ஜூன் 2024, காலை 8.00

"2020 பட்ஜெட்டிலேயே இந்த வரியைத் தள்ளிவைத்துவிட்டார்களே, தெரியாமல் எழுதாதீர்கள்" என்று ஒருவர். தெரியும். அந்தச் சலுகை 80-ஐஏசி (வருமான வரி விலக்கு) சான்றிதழ் வாங்கிய ஸ்டார்ட்டப்புகளுக்கு மட்டும், அரசாங்கத்தில் ஸ்டார்ட்டப் என்று பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது. அப்படியே இருந்தாலும் வேலையை விட்டால் சலுகையும் முடிந்தது. நான் விட்டவள். தள்ளிவைப்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு.

13 ஜூன் 2024, இரவு 10.15

பாத்ரூம் எப்படி என்று தனிமடலில் கேட்டாய். (அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், இனி நீ, வா, போதான்.) நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை.

2022 பிப்ரவரியில் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். பெருங்குடியில் ஒரு மாடி வீடு. ஹாலில் பீன் பேக், கேரம் போர்டு, சுவரில் "மூவ் ஃபாஸ்ட்" மாதிரி ஏதோ ஸ்டிக்கர். 19 பேருக்கு இரண்டு பாத்ரூம், ஆண்-பெண் என்று எதுவும் கிடையாது. தினமும் வருகிற பெண் நான் ஒருத்திதான். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா வாரம் இரண்டு நாள் வருவார். பாத்ரூமில் குப்பைத்தொட்டி இல்லை.

முதல் மாதம் பையில் பேப்பர் சுற்றி வைத்து ஹாஸ்டலுக்கே கொண்டுபோனேன். வேளச்சேரி வரைக்கும் ஷேர் ஆட்டோவில், மடியில் அந்தப் பையோடு. இரண்டாம் மாதம் நானே மூடி போட்ட தொட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், 349 ரூபாய். செலவு ஷீட்டில் ஏற்றினேன். ஆபரேஷன்ஸ் பார்க்கும் பையன் அந்தக் கட்டத்தில் கமெண்ட் போட்டான்: "இது எதுக்கு? கிச்சன்ல ஒண்ணு இருக்கே." அந்த ஷீட் எல்லோருக்கும் திறந்தது, வெளிப்படைத்தன்மை எங்கள் கொள்கை. அரை மணி நேரம் அந்தக் கமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்ரூமுக்கு" என்று ஒரு வார்த்தை போட்டேன். அவன் கட்டைவிரல் போட்டான். 349 வந்தது.

பிறகு அந்தப் பையனே என்னிடம் வந்து ரொம்ப மெதுவாக, "சாரி, எனக்குத் தோணவே இல்லை" என்றான். எனக்கு அவன் மேல் கோபமில்லை. 19 பேரில் ஒருவருக்கும் தோணவில்லை.

14 ஜூன் 2024, இரவு 11.30

வேலை நேரம்.

வாடிக்கையாளர்கள் அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள், அன்றிலிருந்து நமக்கு 10.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். என் ஹாஸ்டல் கேட் பூட்டும் நேரம் 10. கோடையில் கால் முடித்துவிட்டு ஓடினால் வார்டன் அக்கா முணுமுணுப்போடு திறப்பார். குளிர்காலத்தில் ஆபீஸில் இருந்து பேசவே முடியாது, ஹாஸ்டலில் இருந்துதான். அறையில் மூன்று பேர் தூங்குவார்கள். மொட்டை மாடிப் படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குப் பக்கத்தில், கொசுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு டெமோ கொடுத்திருக்கிறேன். ஒருமுறை மோட்டார் ஓட ஆரம்பித்து, அந்தப் பக்கம் இருந்தவர் "டேட்டா சென்டரில் இருக்கிறீர்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

கடிகாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, 2023 மார்ச். நாளைக்கு எழுதுகிறேன்.

15 ஜூன் 2024, மதியம் 3.00

10 மார்ச் 2023, வெள்ளி ராத்திரி. சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது. எங்கள் அமெரிக்கக் கிளையின் பணம், அதாவது வாடிக்கையாளர் கட்டும் பணம் எல்லாம், அதில்தான் இருந்தது. அங்கே டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் 2,50,000 டாலர் வரைக்கும்தான். எங்களுடையது அதைவிட அதிகம்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டார் ஃபவுண்டர். அவர் கண்ணைப் பார்த்தாலே தூங்கவில்லை என்று தெரிந்தது. ஒரு ஷீட்டைத் திறந்து காட்டினார். மாதச் செலவு, கையிருப்பு, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில். கம்பெனியின் கணக்கை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். "நீங்கள்தான் ஓனர்கள், நீங்களே சொல்லுங்கள், மார்ச் சம்பளத்தை யாரால் தள்ளிப்போட முடியும்?" என்றார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஹாஸ்டல் வாடகை 8,500, தம்பிக்கு ஃபீஸ், அது எனக்குத் தெரியும். ஆனாலும் தூக்கினேன். அந்த அறையில் தூக்காமல் இருக்க முடியாது, போய் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாள் எனக்குப் பிடித்திருந்தது. எந்த வாடிக்கையாளர் உடனே கட்டுவார், எந்த சர்வரை அணைக்கலாம் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 1,100 டாலர் மிச்சம் பிடித்தது நான் கண்டுபிடித்த ஒரு பழைய டேட்டாபேஸ். யாரும் ம்மா என்று கூப்பிடவில்லை. நேரமில்லை.

திங்கள் விடிவதற்குள் அமெரிக்க அரசாங்கம் டெபாசிட் முழுவதும் பத்திரம் என்று அறிவித்துவிட்டது. அந்த ஞாயிறுதான் அவர்கள் கடிகாரமும் மாறியது, அதனால்தான் ஞாபகம். ஃபவுண்டர் ஸ்லாக்கில் "எல்லோரும் தூங்குங்கள்" என்று போட்டார். சம்பளம் சரியான தேதிக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை ஏதோ சந்தேகத்துக்கு அந்த ஷீட்டைத் திறந்தேன். "உங்களுக்கு அனுமதி இல்லை, கேட்டுப் பெறவும்" என்று வந்தது.

15 ஜூன் 2024, இரவு 10.40

"அப்படியென்றால் ஃபவுண்டர் மோசமானவரா" என்கிறாய். அதற்குத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒருபக்கம் மட்டும் எழுதியவளாவேன்.

2022 ஆகஸ்ட், ஒரு வியாழன் காலை 11 மணி இருக்கும். வாடிக்கையாளர் ஒருவருடைய சோதனைப் பதிவுகளை அழிக்க வேண்டும். க்வெரி எழுதினேன், இரண்டு வரி. முதல் வரியில் டெலிட், இரண்டாவதில் எதை மட்டும் அழிக்க வேண்டும் என்று சொல்லும் வேர் கண்டிஷன். ஓட்டும்போது மவுஸ் முதல் வரியை மட்டும் தேர்ந்திருந்தது. அந்தக் கருவி தேர்ந்ததை மட்டும்தான் ஓட்டும். 41,000 வரிசைகள் போயின, எல்லா வாடிக்கையாளருடையதும். வேர் இல்லாத டெலிட் என்று இப்போது ஜோக் அடிக்கிறேன், அன்று கை விரைத்துவிட்டது. எழுந்துபோய் அவர் மேஜைப் பக்கம் நின்றேன். வார்த்தை வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேக்கப் எத்தனை மணிக்கு எடுத்தது?" என்றார். ராத்திரி 2 மணி என்றேன். "அப்ப 9 மணி நேரம்தான் போச்சு, வா" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேக்கப்பைத் தனியாக ஏற்றி, அந்த 9 மணி நேரத்தை லாக்கில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தோம். சாயங்காலம் 7 ஆகிவிட்டது. பரோட்டா வாங்கிவரச் சொன்னார். வாடிக்கையாளர்களுக்குப் போன கடிதத்தில் என் பெயர் இல்லை, "எங்கள் தவறு" என்று இருந்தது. மறுநாள், ப்ரொடக்‌ஷனில் யாரும் தனியாக க்வெரி ஓட்டக்கூடாது என்று விதி போட்டார், அவருக்கும் சேர்த்து.

என் கூடப் படித்தவள் அப்போது பெரிய கம்பெனியில் ஐந்தாவது மாதமாக பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், இருந்தாள். தினமும் போய் ஐடி கார்டைத் தேய்த்துவிட்டு வருவாள். அவளுக்கு அழிக்க 41,000 வரிசை இல்லை. யாருக்கு யார் மேல் பொறாமை என்று அப்போதும் தெரியவில்லை.

ஆக முதல் நாள் சொன்ன "வேண்டாம்"-ஐ வாபஸ் வாங்குகிறேனா என்றால், இன்னும் இல்லை.

16 ஜூன் 2024, இரவு 9.00

ஏன் இல்லை என்றால்.

மீட்டிங் குறிப்பு எடுப்பது நான். முதல் மீட்டிங்கில் புதுசு என்பதால் எடுத்தேன், அப்புறம் அது என் வேலையாகவே ஆகிவிட்டது. பிறந்தநாள் கேக் நான். புதுசாகச் சேருபவனுக்கு லேப்டாப் பை வாங்குவது நான். இன்டர்வியூவுக்குப் பெண் வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள், வெப்சைட் போட்டோவில் நடுவில் நான். இதற்கெல்லாம் "கல்ச்சர் ஓனர்" என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் எனக்கு உறுதியாகச் சொந்தமானது அது ஒன்றுதான்.

2023 செப்டம்பரில், நான் ட்ரெயினிங் கொடுத்த பையன் ஒருவன் ஸ்க்ரீன் ஷேர் செய்யும்போது தவறுதலாக வேறு டேபைத் திறந்துவிட்டான். அவனுடைய ஆஃபர் லெட்டர். என்னைவிட 4 லட்சம் அதிகம். அவனுக்கு அனுபவம் ஒரு வருடம் குறைவு. மூன்று செகண்ட்தான் இருக்கும், மூடிவிட்டான். நான் பார்த்தது அவனுக்கும் தெரியும்.

ஃபவுண்டரிடம் கேட்டேன். "அவன் மூணு தடவை நெகோஷியேட் பண்ணான், நீ ஒரு தடவைகூடக் கேக்கலையேம்மா" என்றார். உண்மை. நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியது நான்தானா, கேட்காவிட்டாலும் தெரிந்தவர் கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் குளிக்கும்போது எனக்குள் வாதாடுகிறேன். ஒரு நாள் இந்தப் பக்கம் ஜெயிக்கும், ஒரு நாள் அந்தப் பக்கம். அடுத்த அப்ரைசலில் 2 லட்சம் ஏற்றினார்கள். மார்ச்சில் கிளம்பிவிட்டேன்.

20 ஜூன் 2024, மாலை 5.10

100 மட்டும் வாங்கினேன். 1,000 ரூபாய் விலை, 66,768 வரி. மீதி 480 இன்று ராத்திரி 12 மணிக்குக் காலாவதி. ஏன் 100 என்று கேட்காதே. போனஸில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது, ஒன்றுமே வாங்காமல் விடவும் மனசு வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு ஒன்பது கிராம் தங்கம் வந்திருக்கும் என்பார்.

2 ஜூலை 2024, இரவு 10.30

போஷ் கமிட்டி (வேலையிடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழு) பற்றிக் கேட்டவருக்கு. 10 பேர் இருந்தாலே உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும், 2013 சட்டம். தலைவர் மூத்த பெண் ஊழியர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியில் இருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

ஏட்டில் இருப்பது இவ்வளவு. எங்கள் கதை இது. ஒரு வாடிக்கையாளர் விருந்தில் ஆலோசகர் ஒருவர் என் நாற்காலியின் முதுகில் கை போட்டபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் நகர்ந்தேன், கையும் நகர்ந்தது. மறுநாள் பாலிசி பிடிஎஃப்பைத் தேடி எடுத்தேன், யாரிடம் எழுதுவது என்று பார்க்க. குழு உறுப்பினர் பட்டியலில் தலைவர் அக்கவுண்ட்ஸ் அக்கா. அடுத்த பெயர் என்னுடையது. எட்டு மாதமாக நான் அந்தக் குழுவில் இருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு "ஆடிட்டுக்குப் பெண்கள் பெயர் வேணும்ல" என்றார்கள்.

என் புகாரை எனக்கே எழுதவில்லை. அக்காவிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "நானும் பார்த்தேன்ம்மா" என்றார், அவ்வளவுதான். அந்த ஆலோசகரின் இன்வாய்ஸ் ஏனோ மூன்று மாதம் "ப்ராசஸிங்"-இலேயே கிடந்தது. பிறகு அவரும் வரவில்லை. எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் வேறு ஏதாவது கம்பெனியில் வேறு ஏதாவது நாற்காலியில் கை போட்டுக்கொண்டிருப்பார்.

24 ஜூலை 2024, காலை 9.10

நேற்று பட்ஜெட்டில் ஏஞ்சல் வரியை நீக்கியதற்கு எனக்கு வாழ்த்துச் சொன்ன நல்ல உள்ளத்துக்கு: அது ஸ்டார்ட்டப்பில் முதலீடு போடும் பணத்தின் மேல் 2012-ல் வந்த வரி. என் 66,768-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாழ்த்தைத் திருப்பித் தருகிறேன்.

18 ஆகஸ்ட் 2024, இரவு 8.45

பங்குச் சான்றிதழ் கோவில்பட்டி முகவரிக்குக் கூரியரில் வந்தது. அப்பா பிரித்துப் பார்த்திருக்கிறார். அரசாங்கப் பத்திரம் மாதிரி பார்டர், கம்பெனி பெயர், என் பெயர், 100. கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து, வீட்டுப் பட்டாவோடு பீரோவில் வைத்துவிட்டார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஒருநாள் விற்க வேண்டி வந்தால் அந்த லேமினேஷனை யார் உரிப்பது என்று அவனுக்கு இப்போதே கவலை. அப்பாவுக்கு விற்பதாக எண்ணமே இல்லை. "நீ வேலை பார்த்ததுக்கு ஒரு காயிதம் இருக்கட்டும்" என்கிறார்.

11 ஜனவரி 2025, இரவு 10.05

இந்த இழையை மறந்தே போனேன். 90 மணி நேர வேலை விவகாரத்தில் யாரோ மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி 70 என்றார், இப்போது எல் அண்ட் டி தலைவர் 90, ஞாயிறும் சேர்த்து. வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது என்று வேறு கேட்டிருக்கிறார். என் ஹாஸ்டலில் பார்த்துக்கொண்டிருக்கத் தண்ணீர் மோட்டார்தான் இருந்தது.

கணக்கு வைத்திருக்கிறேன், பொய்யில்லை. ஒரு லாஞ்ச் வாரத்தில் 71 மணி நேரம் பார்த்தேன். அதில் கடைசி 20 மணி நேரத்தில் எழுதிய கோடைத் திருத்த அடுத்த வாரம் 30 மணி நேரம் ஆனது. இரண்டையும் கூட்டினால் மூர்த்தி சாரையும் தாண்டி, எல் அண்ட் டியையும் தாண்டி விட்டேன்.

12 ஜனவரி 2025, காலை 11.20

கேள்வி கேட்டவளிடமிருந்து தகவல்: ஜூலையிலேயே ஸ்டார்ட்டப்பில் சேர்ந்துவிட்டாளாம். என் முதல் பதிலுக்கு அவ்வளவுதான் மரியாதை. சேருமுன் மொத்தப் பங்கு எவ்வளவு என்று கேட்டாளாம், சொன்னார்களாம். நோட்டீஸ் பீரியடை 60 நாளாகக் குறைத்தும் வாங்கியிருக்கிறாள். மீட்டிங் குறிப்பை முறைவைத்து எடுக்கலாம் என்று மூன்றாவது வாரமே சொல்லியிருக்கிறாள். அடுத்து முறை வந்த பையன் எழுதிய குறிப்பை எனக்கு அனுப்பினாள்: "பேசினோம். சில விஷயங்கள் முடிவாயின." அவ்வளவுதான் குறிப்பு. இருந்தாலும் அந்த வேலை அவளிடம் திரும்ப வரவில்லையாம். பாத்ரூம் தனி. தொட்டி இருக்கிறதாம், மூடிதான் இல்லையாம். எது வாங்குவது என்று கேட்கிறாள்.

பழைய மெயிலில் தேடி லிங்க் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், மேலே 349 என்று எழுதியது தப்பு. 349 சாதா மூடி போட்டது. நான் வாங்கியது காலால் மிதித்தால் திறக்கிறது, 379.